மெடிக்கல் கோடிங் படிக்கப் போகிறீர்களா? கோடு மாறும் மாதங்களில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழிகாட்டி

2022 நவம்பரில், பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு மையத்தில் மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குச் சேர்ந்தேன். டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் பில்லுக்கான கோடு போடும் வேலை அது. ஸ்பைரல் போட்ட நோட்ஸ் ஒன்று கொடுத்தார்கள். மூன்று மாதம் அதைத் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் படித்தேன். சீனியர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய 2022 புத்தகங்களோடு 2023 பிப்ரவரி கடைசியில் சிபிசி என்ற கோடர் சான்றிதழ் தேர்வு எழுதினேன். 66 சதவீதம்தான் வந்தது. தேறுவதற்கு 70 வேண்டும்.

நடந்தது என்னவென்றால், 2023 ஜனவரி 1 அன்று மருத்துவமனைப் பகுதியின் ஈ அண்ட் எம் விதிகள் (டாக்டர் நோயாளியைப் பார்த்து மதிப்பிடும் வேலைக்கான கோடு விதிகள்) அடியோடு மாறியிருந்தன. அப்சர்வேஷன் (நோயாளியை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைப்பது) என்றாலே என் கை போய் நிற்கும் 99217 முதல் 99220 வரையிலான வரிசையே நீக்கப்பட்டுவிட்டது. அந்த நோட்ஸில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது முறை சரியான புத்தகத்தோடு எழுதித் தேறினேன். ஆனால் அதற்குள் நான்கு மாதமும் நிறையப் பணமும் போய்விட்டன. இப்போது சேரப் போகிறவர்களுக்கு இப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கிண்டி, பெருங்குடி, அம்பத்தூர் பக்கம், அப்புறம் கோவை, திருச்சி என்று நம் ஊரில் இருக்கும் கோடிங் வேலை பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கானது. டாக்டர் எழுதிய சார்ட்டைப் படித்து, நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உரிய கோடு போட வேண்டும். அந்தக் கோடு சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுக்கும்.

'மெடிக்கல் கோடிங் வேலை' என்று விளம்பரம் செய்துவிட்டு, போனால் ஏஆர் காலிங்கில் உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. அதில் இரவு ஷிஃப்டில் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு போன் போட்டுப் பாக்கிப் பணத்தைக் கேட்க வேண்டும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் நீங்கள் படித்தது அதற்கில்லை. ஆஃபர் கடிதத்தில் பதவியின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

லைஃப் சயின்ஸ், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்களைத்தான் நிறுவனங்கள் அதிகம் எடுக்கின்றன. வேறு பட்டம் என்றால், பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே இரண்டு மூன்று நிறுவனங்களின் வேலை அறிவிப்பில் தகுதி என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிடுங்கள்.

2. மூன்று புத்தகம், இரண்டு புத்தாண்டு

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நோய்க்கான கோடு ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் புத்தாண்டு அக்டோபர் 1. 2025 என்று அட்டையில் போட்ட ஐசிடி புத்தகம் 2024 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரைக்கானது. நடுவில் ஏப்ரல் 1 அன்றும் சில மாற்றங்கள் வரலாம்.

டாக்டர் செய்த வேலைக்கான கோடு சிபிடி புத்தகத்தில். அதன் புத்தாண்டு ஜனவரி 1. மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கான எச்சிபிசிஎஸ் மூன்றாவது புத்தகம். அலுவலகத்தில் எல்லோரும் அதை ஹிக்பிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். அதுவும் பெரிய அளவில் மாறுவது ஜனவரியில்தான், ஆனால் ஆண்டுக்குள் காலாண்டு மாற்றங்களும் உண்டு.

ஆக, அக்டோபர் முதல் ஜனவரி வரை இந்தத் துறையில் எல்லாமே நகர்ந்துகொண்டிருக்கும். கல்லூரி முடித்து, ரிசல்ட் வந்து, புரொவிஷனல் வாங்கி நாம் பயிற்சியில் சேர்வதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

ஒரு விஷயம். ஐசிடி-11 தனிப் பயிற்சி என்று கூடுதல் பணம் கேட்டால் கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் அதை 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அமெரிக்க பில்லிங்குக்கு இன்னும் ஐசிடி-10-சிஎம்தான். முதல் வேலைக்கு அதுதான் வேண்டும்.

3. பணம் கட்டும் முன் நோட்ஸைக் கையில் வாங்கிப் புரட்டுங்கள்

டெமோ வகுப்புக்கு எல்லா மையங்களும் கூப்பிடும். போங்கள். ஆனால் பேச்சைக் கேட்டுவிட்டு வந்துவிடாமல், "மாணவர்களுக்குக் கொடுக்கும் நோட்ஸைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஈ அண்ட் எம் பக்கத்தை எடுங்கள். புதிய நோயாளிகளுக்கு 99201 என்ற கோடு அதில் இருந்தால் அது 2021க்கு முந்தைய நோட்ஸ். அந்தக் கோடு 2021 ஜனவரி 1 அன்றே போய்விட்டது. 99218, 99241, 99251 இவற்றில் ஏதாவது இருந்தால் 2023க்கு முந்தையது. தொலைபேசி ஆலோசனைக்கு 99441 என்று இருந்தால் 2025 மாற்றம் அதில் ஏறவில்லை. ஹிஸ்டரியையும் (நோயாளி சொன்ன விவரம்) எக்ஸாமையும் (உடல் பரிசோதனை) புள்ளி புள்ளியாக எண்ணி லெவல், அதாவது அந்தச் சந்திப்பு எந்தப் படியில் வரும் என்று, போடச் சொல்லித் தந்தால், மூடி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இப்போது அந்த லெவல்கள் பெரும்பாலும் எம்டிஎம் (டாக்டர் முடிவெடுப்பதில் உள்ள சிக்கல்) அல்லது நேரம், இவை இரண்டில் ஒன்றை வைத்துத்தான். எம்டிஎம்மில் பிரச்சினை, டேட்டா, ரிஸ்க் என்று மூன்று அங்கம், அதில் இரண்டு ஒத்து வர வேண்டும்.

ஐசிடி பகுதியில் என்18.3 (நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் ஸ்டேஜ்) என்ற கோட்டைத் தேடுங்கள். அது 2020 அக்டோபர் 1 அன்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. இன்னும் என்18.3 என்று முடிந்த கோடாகவே போட்டிருந்தால் அந்த நோட்ஸை யாரும் அதன் பிறகு தொடவில்லை என்று அர்த்தம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை நான் கட்டியது 22,000 ரூபாய். அதில் புத்தகமும் சேராது, தேர்வுக் கட்டணமும் சேராது என்பது எனக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். எல்லாம் முடியும்போது, இரண்டாவது முறை எழுதியதையும் சேர்த்து, 70,000ஐத் தாண்டிவிட்டது. அதனால் எது எது அடக்கம் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று சொன்னால், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்று கேட்டு அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்த மையத்திடமும், எந்த கன்சல்டன்சியிடமும் கொடுத்துவைக்காதீர்கள். என்னோடு படித்த ஒரு தோழி தன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க ஆறு வாரம் நடந்தாள்.

4. பெயரைச் சரிசெய்யுங்கள், முதல் வாரத்திலேயே

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை. எனக்குப் பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால். ஆதாரில் இனிஷியல் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, கடைசிப் பெயர் என்ற இடத்தில். மூன்றும் நான்தான், ஆனால் தேர்வைக் கண்காணிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

தேர்வு நடத்தும் ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பில் கணக்குத் தொடங்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்பார்கள். தேர்வு நாளில் நீங்கள் காட்டப் போகும், அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது நல்லது, அதில் பெரும்பாலும் பெயர் இரண்டாகப் பிரிந்திருக்கும். வேலைக்குச் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பிலும் இதே கேள்வி வரும். அதனால் ஆதாரில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் பயிற்சி தொடங்கும்போதே செய்துவிடுங்கள்.

கூடவே ஒரு ஃபைலில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட் அல்லது கன்சாலிடேட்டட், புரொவிஷனல் அல்லது கான்வகேஷன் சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம். அரியர் இருந்தால் பெரும்பாலான இடங்களில் எடுக்க மாட்டார்கள், அதை முதலில் முடியுங்கள்.

இன்னொன்று, கட்டணத்தை வெளிநாட்டுத் தளத்தில் கார்டில் கட்டுவதானால், உங்கள் டெபிட் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் போய் அதை இயக்கிவிட்டுக் கட்டுங்கள். நான் நள்ளிரவில் நான்கு முறை முயன்று, கார்டு முடங்கி, மறுநாள் வங்கிக்குப் போய் நின்றேன்.

5. படிக்கும்போது விதியைப் படியுங்கள்

கோடுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே கிடையாது. தேர்விலும் புத்தகம் திறந்திருக்கும், வேலையில் சாஃப்ட்வேர் இருக்கும். மனதில் நிற்க வேண்டியது விதி. ஒரு சின்ன சார்ட்டைப் பாருங்கள்:

68 வயதுப் பெண். டைப் 2 டயாபடிஸ், ஹைப்பர்டென்ஷன் (உயர் ரத்த அழுத்தம்), சிகேடி (நாள்பட்ட சிறுநீரக நோய்) ஸ்டேஜ் 3பி. மெட்ஃபார்மின் (டயாபடிஸ் மாத்திரை) சாப்பிடுகிறார்.

புதிதாகப் படிப்பவர் இ11.9 (சிக்கல் எதுவும் இல்லாத டயாபடிஸ்), ஐ10 (வெறும் ஹைப்பர்டென்ஷன்), என்18.3 என்று மூன்று கோடு போடுவார். நானும் அப்படித்தான் போட்டேன். மூன்றும் தப்பு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக.

டயாபடிஸும் சிறுநீரக நோயும் ஒரே சார்ட்டில் இருந்தால், டாக்டர் வேறு காரணம் என்று சொல்லாத வரை, இரண்டும் தொடர்புடையவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் 'வித்' விதி. ஆகவே இ11.22. ஹைப்பர்டென்ஷனும் சிகேடியும் சேர்ந்து வந்தாலும் அதே மாதிரிதான், ஐ10 போய் ஐ12.9 வரும். என்18.3 நான் மேலே சொன்னபடி செல்லாத கோடு, ஸ்டேஜ் 3பிக்கு என்18.32. மெட்ஃபார்மினுக்கு இசட்79.84. மூன்று வரியில் முடிந்த சார்ட்டுக்கு நான்கு கோடு.

இதில் முதல் இரண்டு தப்பும் விதி தெரியாததால் வந்தவை, கோடு எத்தனை முறை மாறினாலும் அந்த விதியைத் தெரிந்தவர் தடுமாற மாட்டார். மூன்றாவது தப்பு பழைய நோட்ஸால் வந்தது, புதுப் புத்தகத்தைத் திறந்தாலே சரியாகிவிடும். அதனால் நேரத்தில் பெரும்பகுதியை விதிகளுக்குக் கொடுங்கள்.

அந்த ஐசிடி விதிகள் இலவசம் என்பதை என் மையத்தில் யாரும் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் சிடிசி, சிஎம்எஸ் தளங்களில் ஒவ்வோர் ஆண்டும் பிடிஎஃப் ஆகப் போடுகிறார்கள், நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அந்த ஆண்டு மாறிய வாக்கியங்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். புதிதாக வந்ததும் தடித்த எழுத்தை மட்டும் தேடிப் படித்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். ஐசிடி கோடுகளும் ஹிக்பிக்ஸும்கூட அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. சிபிடி அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனின் காப்புரிமைக்கு உட்பட்டது, அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். யாராவது பிடிஎஃப் அனுப்பினால் அது எந்த ஆண்டு என்றே தெரியாது, நம்பாதீர்கள்.

சிபிடி புத்தகத்தில் மாற்றத்தைக் கண்டுபிடிக்க: கோடுக்கு முன்னால் வட்டப் புள்ளி இருந்தால் புதுக்கோடு, முக்கோணம் இருந்தால் விளக்கம் மாறிய கோடு, எதிரெதிரே பார்க்கும் இரண்டு முக்கோணங்களுக்கு நடுவில் இருப்பது புதிய அல்லது மாறிய வாசகம். பின்னால் அப்பெண்டிக்ஸ் பியில் சேர்த்தது, நீக்கியது, திருத்தியது எல்லாம் பட்டியலாக இருக்கும். நான் இரண்டாவது முறை தேறியதற்கு அந்தச் சில பக்கங்கள் பெரிய காரணம்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் மெடிக்கல் டெர்மினாலஜியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது, ஆஸ்டமி என்றால் வழி ஒன்று ஏற்படுத்துவது. நெஃப்ரோ சிறுநீரகம், ஹெப்பாடோ கல்லீரல். இப்படித் தினமும் பத்துத் துண்டுகள் படித்தால் ஒரே மாதத்தில் சார்ட் புரிய ஆரம்பித்துவிடும்.

6. தேர்வை எந்த மாதத்தில் வைப்பது

சிபிசியில் 100 கேள்வி, நான்கு மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக வராது. தேர்வு அந்த நாட்காட்டி ஆண்டின் கோடுகளை வைத்துத்தான் இருக்கும். ஆக, டிசம்பருக்குள் எழுதிவிட முடியும் என்றால் கையில் இருக்கும் ஆண்டின் புத்தகமே போதும். முடியாது என்று தோன்றினால், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் பழைய ஆண்டின் புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள். அடுத்த ஆண்டின் செட்டுக்குக் காத்திருங்கள், அதுவரை அனாடமியும் டெர்மினாலஜியும் ஐசிடி விதிகளும் படிக்கலாம். நான் செய்த தப்பே, டிசம்பரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பழையதை வாங்கியதுதான்.

தேர்வுக் கட்டணத்தோடு உறுப்பினர் கட்டணமும் உண்டு. ஒரு முயற்சிக்கு ஒரு விலை, இரண்டு முயற்சிக்கு ஒரு விலை என்று இருக்கும். என் யோசனை, இரண்டு முயற்சி உள்ளதையே எடுங்கள்.

புத்தகத்தில் கையால் குறிப்பு எழுதலாம், பக்கம் கண்டுபிடிக்க டேப் ஒட்டலாம். ஆனால் மாதிரிக் கேள்விகளை எழுதிவைப்பதோ தனித் தாள் செருகுவதோ கூடாது. பழைய புத்தகம் வாங்கினால் முந்தைய சொந்தக்காரர் எழுதியதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து எழுதுவதானால் மேசையையும் கைகளையும் காட்டும் தனி வெப்கேமரா கேட்பார்கள், லேப்டாப்பில் இருப்பது போதாது. இன்டர்நெட்டுக்கும் கரண்டுக்கும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அறைக்குள் யாரும் வராமல் வீட்டில் சொல்லிவையுங்கள்.

7. எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்

இது இன்டர்வியூவில் நிச்சயம் கேட்கும் கேள்வி, பலர் இதில்தான் விழுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்து கோடு போடும் நாளுக்கும் எந்தக் கோடு செல்லும் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. செப்டம்பர் 30 அன்று கிளினிக்குக்கு வந்தவரின் சார்ட் உங்களிடம் அக்டோபர் 10ஆம் தேதி வந்தாலும் பழைய ஐசிடிதான், ஏனென்றால் சிகிச்சை நடந்த தேதிதான் கணக்கு. மருத்துவமனையில் படுத்திருந்தவர் என்றால் டிஸ்சார்ஜ் தேதி. செப்டம்பர் 28 சேர்ந்து அக்டோபர் 2 வீட்டுக்குப் போனவருக்கு மருத்துவமனை பில்லில் புது ஐசிடி.

அதனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு அக்டோபரில் பல வாரங்கள் இரண்டு ஆண்டின் கோடுகளும் ஒரே நாளில் உங்கள் திரையில் வரும். சார்ட்டைத் திறந்ததும் முதலில் தேதியைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

8. வேலை, எச்சிசி, அப்புறம் அந்த 'ஏ'

புதியவர்களுக்குச் சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், என் பேட்சில் கைக்கு 15,000 வாக்கில் வந்தது. சில நிறுவனங்கள் தாங்களே பயிற்சி தந்து எடுக்கின்றன. அதில் பாண்ட் இருக்கிறதா, எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தரம், அதாவது போட்ட கோடுகளில் சரியானவை, பெரும்பாலும் 95 சதவீதம் எதிர்பார்ப்பார்கள்.

புதியவர்களை நிறைய எடுப்பது எச்சிசி கோடிங்கில், அதாவது நோயாளிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணிப்பதற்காக நோய்களை வகைப்படுத்தும் வேலையில். அங்கேயும் மாற்றம்தான். மெடிகேர் அட்வான்டேஜ் (முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் திட்டம்) கணக்கில் வி24 என்ற மாடலிலிருந்து வி28க்கு 2024இல் தொடங்கி மூன்று கட்டமாக மாறினார்கள்: 33 சதவீதம், 67 சதவீதம், 2026 கட்டண ஆண்டில் முழுதும். பணத்துக்குக் கணக்காகும் எச்சிசி வகைகள் 86லிருந்து 115 ஆயின, ஆனால் அவற்றில் வரும் ஐசிடி கோடுகள் 9,797லிருந்து 7,770 ஆகக் குறைந்தன. வி24இல் கணக்கான ஐ73.9 (கை கால் ரத்தக்குழாய் நோய்) வி28இல் இல்லை. கட்டண ஆண்டு என்பது சிகிச்சை நடந்த ஆண்டுக்கு அடுத்தது என்பதை மறக்காதீர்கள், 2025இல் பார்த்த நோயாளிதான் 2026 கணக்கில் வருவார். இன்டர்வியூவுக்கு இந்த அளவு தெரிந்தாலே உங்களைத் தனியாகப் பார்ப்பார்கள்.

தேர்வில் தேறியதும் அனுபவம் இல்லாததால் சிபிசி-ஏ என்றுதான் வரும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டினால் அந்த 'ஏ' போகும். ஓர் ஆண்டு அனுபவத்தோடு 80 மணி நேரப் பயிற்சிக்கான சான்று இருந்தாலும் போதும், அதனால் பயிற்சி மையத்தில் மணி நேரம் குறிப்பிட்ட சான்றிதழ் வாங்கிவையுங்கள். சான்றிதழ் உயிரோடு இருக்க இரண்டு ஆண்டுக்கு 36 சிஇயு (தொடர் கல்விப் புள்ளிகள்) சேர்க்க வேண்டும், உறுப்பினர் கட்டணமும் ஒழுங்காகக் கட்ட வேண்டும்.

அனுபவத்தைக் காட்ட நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ராஜினாமா கொடுத்துவிட்டால் அந்தக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும். வேலையில் இருக்கும்போதே, உங்கள் டீம் லீடும் அதே இடத்தில் இருக்கும்போதே, கேட்டு வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள்.